மஸ்கெட் காலப் பெரும்போர்களின் படவரலாறுகளைப் படிப்பது எப்படி: வாட்டர்லூவை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மஸ்கெட் துப்பாக்கிகளால் நடந்த பெரும்போர்களைப் பற்றிய படவரலாற்று நூல் ஒன்று கையில் கிடைத்தால், பெரும்பாலோர் முதலில் பக்கங்களைப் புரட்டி ஓவியங்களைத்தான் பார்ப்பார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்துவந்தேன். பாய்ந்துவரும் குதிரைகளும் கிழிந்த கொடிகளும் நினைவில் தங்கின. ஆனால் அந்தப் படை ஏன் அந்த மேட்டில் நின்றது, எதிரி ஏன் அந்த நேரத்தில் ஏறிவந்தான், இத்தனை நெருக்கமாகத் தோளோடு தோள் நின்று சுடுவதற்கு என்ன காரணம் என்று எவரேனும் கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. நிலப்படத்தை முதலிலும் ஓவியத்தைக் கடைசியிலும் பார்க்கப் பழகிய பிறகே இந்த நூல்கள் எனக்கு விளங்கத் தொடங்கின. அந்த வரிசையைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

மஸ்கெட் காலம் என்று நான் குறிப்பது, சிக்கிமுக்கிக்கல் விசை பொருத்திய துப்பாக்கியும் அதன் குழல் வாயில் மாட்டும் பயனெட் கத்தியும் ஐரோப்பியக் காலாட்படைகளில் பொதுவாகிவிட்ட 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, வரிப்பள்ளம் வெட்டிய குழலும் புதுவகைக் குண்டும் பரவிய 1850கள் வரையிலான ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு. பிளென்ஹைம், லாய்தன், ஆஸ்டர்லிட்ஸ், பரதீனோ ஆகிய போர்கள் அதற்குள் அடங்கும். எடுத்துக்காட்டாக 1815 ஜூன் 18 அன்று நடந்த வாட்டர்லூவை எடுத்துக்கொள்கிறேன். ஒரே நாளில், குறுகிய களத்தில் நடந்து முடிந்த போர் அது. நிலப்படங்களும் ஓவியங்களும் மாதிரிகளும் அதற்குக் கிடைப்பதுபோல் வேறு எந்தப் போருக்கும் எளிதில் கிடைப்பதில்லை.

படி 1: போரைப் படையெடுப்பிலிருந்து பிரித்துப் பாருங்கள்

நூலின் முதல் நிலப்படம் பெரும்பாலும் ஒரு நாட்டையோ பெரிய நிலப்பகுதியையோ காட்டும். அதைத் தாண்டிச் சென்றுவிட வேண்டாம். நம் புறத்திணை இலக்கணம் மண்ணாசையால் படையெடுத்துச் செல்வதை வஞ்சி என்றும், இரு படைகளும் களம் குறித்து எதிர்நின்று பொருவதைத் தும்பை என்றும் தனித்தனியே வைத்தது. அந்தப் பிரிவினை இங்கேயும் பயன்படும். வாட்டர்லூவின் வஞ்சிப் பகுதி, பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் ஜூன் 15 அன்று பெல்ஜிய மண்ணுக்குள் நுழைந்து, ஆங்கிலேயத் தளபதி வெலிங்டனின் நேசப்படைக்கும் புளூஹரின் பிரஷ்ய (ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின்) படைக்கும் இடையில் ஆப்பு வைத்தது. ஜூன் 16 அன்று லினி என்ற ஊரில் பிரஷ்யர்கள் தோற்றார்கள். அதே நாளில் காத்ர் பிராவில் வெலிங்டனின் படை பிரெஞ்சுத் தளபதி நேயைத் தடுத்து நின்றது. தோற்ற பிரஷ்யர்கள் கிழக்கே தங்கள் நாட்டை நோக்கித் திரும்பாமல் வடக்கே வாவ்ர் என்ற ஊரை நோக்கிப் பின்வாங்கினார்கள். அவர்களைத் தொடர்ந்து செல்லும்படி சுமார் 33,000 பேருடன் பிரெஞ்சுத் தளபதி குரூஷி அனுப்பப்பட்டார். ஜூன் 18இல் நடந்தவற்றில் பாதி இந்த இரண்டு முடிவுகளிலேயே அடங்கியிருக்கிறது.

இந்தப் பெரிய நிலப்படத்தில் மூன்று தூரங்களை மட்டும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்: பிரஸ்ஸல்ஸிலிருந்து களத்துக்கு, வாவ்ரிலிருந்து களத்துக்கு, லினியிலிருந்து வாவ்ருக்கு. முதலாவது 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, இரண்டாவது ஏறத்தாழ 15 கிலோமீட்டர். வரைகோலால் நீங்களே அளந்து எழுதிய எண் மனத்தில் நிற்கும்.

படி 2: தரையைப் படியுங்கள்

அடுத்தது களத்தின் நிலப்படம். அதில் படைகளைக் குறிக்கும் வண்ணக் கட்டங்களை முதல் பார்வையில் பொருட்படுத்த வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளால் அவற்றை மறைக்க முடிந்தால் இன்னும் நல்லது. முதலில் அளவுகோலையும் வடதிசைக் குறியையும் பாருங்கள். அடுத்து சம உயரக் கோடுகளைப் பாருங்கள்; பழைய நிலப்படமாக இருந்தால் சரிவைக் காட்டும் மெல்லிய கீற்றுகள் இருக்கும். தெற்கிலும் வடக்கிலும் ஒன்றையொன்று நோக்கிய இரண்டு நீண்ட மேடுகள், நடுவே ஒரு தாழ்வெளி, தாழ்வெளியை ஊடறுத்துச் சார்லரூவாவிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குச் செல்லும் பெருஞ்சாலை: வாட்டர்லூக் களத்தின் எலும்புக்கூடு இவ்வளவுதான். வடக்கு மேட்டில் வெலிங்டன் நின்றார். தெற்கே லா பெல் அலையான்ஸ் விடுதியை ஒட்டிய மேட்டில் நெப்போலியன் நின்றார். இரண்டு மேடுகளுக்கும் இடையே ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை.

இனி அந்தத் தாழ்வெளியில் முளைகள்போல நிற்கும் கட்டடங்களைக் குறியுங்கள். வெலிங்டனின் வலப்புறத்தில் ஊகுமோன் மாளிகையும் அதன் தோட்டமும், நடுவில் சாலையோரமாக லா ஏ சேந்த் பண்ணை, இடப்புறத்தில் பாப்லோத். இவற்றோடு நெப்போலியனின் வலப்பக்கப் பின்புறத்தில் பிளான்சன்வா என்ற சிற்றூர். ஊகுமோனும் லா ஏ சேந்தும் மதில் வளைத்த கட்டடங்கள். திறந்தவெளிப் போருக்குள்ளேயே முற்றுகையும் மதில்காவலுமாக இரண்டு சிறு போர்கள் நாள் முழுவதும் நடந்தன. தும்பைக்குள் உழிஞையும் நொச்சியும் புகுந்துகொண்டதைப் போன்றது அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்றைய படவரலாறுகள் பலவற்றில் பறவைப் பார்வையில் வரைந்த முப்பரிமாண நிலப்படங்கள் இருக்கும். பார்க்க மிக அழகாக இருந்தாலும், சரிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக உயரத்தைக் கூட்டி வரைந்திருப்பார்கள். வெலிங்டன் நின்ற மேடு உண்மையில் குன்று அல்ல. மெதுவாக எழுந்து தாழும் வயல்வெளிதான். ஆனாலும் தம் காலாட்படையை அந்த மேட்டின் பின்சரிவில் நிறுத்தினால் எதிரியின் கண்ணிலிருந்தும் பீரங்கிக் குண்டுகளிலிருந்தும் பெரும்பகுதியை மறைக்க அது போதும் என்று அவர் கண்டார். ஆறடி உயர மனிதனை மறைக்க எவ்வளவு மண் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் அந்த மேட்டின் மதிப்பு புரியும்.

மற்றோர் எச்சரிக்கை, இன்றைய புகைப்படங்களைப் பற்றியது. களத்தின் நடுவில் சிங்கச் சிலையோடு தெரியும் கூம்பு வடிவ மண்குன்று போர் நடந்தபோது அங்கே இல்லை. 1820இல் தொடங்கி 1826இல் கட்டி முடிக்கப்பட்ட நினைவுச்சின்னம் அது. உச்சிக்கு 226 படிகள். அதற்கான மண்ணை வெலிங்டன் நின்ற மேட்டிலிருந்தே வெட்டி எடுத்ததால், போரின் மிக முக்கியமான இடத்தில் தரையே மாறிப்போனது. ஆகவே, அந்த மண் வெட்டப்படுவதற்கு முன் வரையப்பட்ட நிலப்படங்களை உங்கள் நூல் எடுத்தாண்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். க்ரான் என்ற நில அளவையாளர் போர் முடிந்த அடுத்த ஆண்டே அளந்து வெளியிட்ட நிலப்படம் அவற்றில் தலையானது.

படி 3: துப்பாக்கியின் கணக்கைப் போடுங்கள்

நூலில் ஆயுதங்களைப் பற்றிய அத்தியாயம் பெரும்பாலும் நடுவில் பிற்சேர்க்கைபோல வரும். அதை இப்போதே படித்துவிடுங்கள், ஏனெனில் இதன் பிறகு பார்க்கப்போகும் அத்தனை அணிவகுப்புகளும் இந்த ஆயுதத்தின் குறைகளிலிருந்தே பிறந்தவை.

ஆங்கிலேயர்கள் பிரவுன் பெஸ் என்று அழைத்த மஸ்கெட்டின் குழல் விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர்; பிரெஞ்சு மஸ்கெட்டினுடையது சுமார் 17.5 மில்லிமீட்டர். இரண்டின் எடையும் நான்கரைக் கிலோவை ஒட்டியது. குழலின் உட்புறம் வரிப்பள்ளம் இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும். ஈயக்குண்டு குழலைவிடச் சற்றுச் சிறிதாக இருப்பதால் உள்ளே தட்டித் தடுமாறி வெளியேறும். வீரன் காகிதத் தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துப் பிய்த்து, சிறிது மருந்தைக் கிண்ணியில் இட்டு, மீதியைக் குழலுக்குள் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் கெட்டிக்கும் கோலால் இறுக்கி, விசையை முழுதாக இழுத்துவிட்டுச் சுட வேண்டும். நன்கு பயின்றவன் நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை சுடுவான். தனி மனிதன் ஒருவனைக் குறிபார்த்து வீழ்த்த 100 மீட்டருக்குள் வந்தால்தான் நம்பிக்கை. மழையில் நனைந்தால் மருந்து பற்றாது. முதல் இரண்டு வேட்டுகளுக்குப் பின் கரும்புகை எதிரே திரை கட்டிவிடும்.

இப்போது தாளில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலாட்படை விரைநடையில் நிமிடத்துக்கு 100 அடிகள் எடுத்துவைக்கிறது, ஓர் அடி ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் என்று கொண்டால், கடைசி 100 மீட்டரைக் கடக்க ஒன்றரை நிமிடம் ஆகும். அதற்குள் எதிர்நிற்பவர்கள் மூன்று அல்லது நான்கு முறை சுட்டுவிடுவார்கள். பாய்ந்துவரும் குதிரைக்கு அதே 100 மீட்டர் பன்னிரண்டு வினாடிதான். அதற்குள் ஒரே ஒரு வேட்டுக்குத்தான் இடம் உண்டு. நடந்து வருபவனை வேட்டால் நிறுத்தலாம், குதிரையை வேட்டால் மட்டும் நிறுத்த முடியாது. அடுத்த படியை விளக்க இந்த ஒன்று போதும்.

பீரங்கிக்கும் இப்படியே. 12 பவுண்டு எடையுள்ள இரும்புக் குண்டு நேராகத் தைப்பது ஒரு பங்கு என்றால், தரையில் பட்டுத் துள்ளித் துள்ளி அணிகளை ஊடுருவுவது இன்னொரு பங்கு. ஜூன் 17 இரவு முழுவதும் பெய்த மழையில் வாட்டர்லூ வயல்கள் சேறாகியிருந்தன. குண்டுகள் துள்ளாமல் புதைந்தன, பீரங்கிகளை இழுத்து நிறுத்துவதும் கடினமானது. போர் முற்பகல் பதினொன்றரை மணி வரை தொடங்காமல் தாமதமானதற்கு இந்தச் சேறு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எதிரி நெருங்கிவிட்டால் பீரங்கியில் சிறு குண்டுகள் நிரப்பிய தகரக் குவளையை இட்டுச் சுடுவார்கள். அது குழல் வாயிலிலிருந்து விசிறியடிக்கும்.

படி 4: அணிவகுப்பை எண்ணிப் பாருங்கள்

வரிசை, பத்தி, சதுரம் ஆகிய மூன்று வடிவங்களை அடையாளம் காணத் தெரிந்தால் இக்கால நிலப்படங்களில் பெரும்பகுதி படிந்துவிடும். நிலப்படக் குறியீடுகள் எளியவை: உள்ளே பெருக்கல் குறி இட்ட கட்டம் காலாட்படை, ஒரே ஒரு சாய்கோடு இட்ட கட்டம் குதிரைப்படை, நடுவே புள்ளி இட்டது பீரங்கிப்படை. கட்டத்தின் தலையில் நிற்கும் குறி படைப்பிரிவின் அளவைச் சொல்லும். சிறியதிலிருந்து பெரியதற்குப் போனால், இரண்டு நேர்க்கோடுகள் பட்டாலியனைக் குறிக்கும். மூன்று என்றால் ரெஜிமென்ட். ஒரு பெருக்கல் குறி பிரிகேட், இரண்டு டிவிஷன், மூன்று கார்ப்ஸ். இந்தக் குறிகள் அந்தப் போர்களுக்குப் பல காலம் பிந்தியவை. சம அளவுக் கட்டங்கள் சம அளவுப் படைகள் என்று எண்ணிவிடக் கூடாது என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள். ஒரு பட்டாலியனில் 300 பேரும் இருக்கலாம், 900 பேரும் இருக்கலாம்.

ஒருவருக்குத் தோளகலமாக 56 சென்டிமீட்டர் கொடுங்கள். 500 பேர் கொண்ட ஆங்கிலப் பட்டாலியன் இரண்டு நிரையாக நின்றால் அதன் நீளம் ஏறத்தாழ 140 மீட்டர், அத்தனை துப்பாக்கிகளும் சுடும். அதே 500 பேர் பிரெஞ்சு முறையில் மூன்று நிரையாக நின்றால் 93 மீட்டர், மூன்றாம் நிரையின் வேட்டு அவ்வளவாகப் பயன்படாது. பத்தியாக அடுக்கினால் முகப்பு இன்னும் சுருங்கும். விரைவாக நகரலாம், வழிதவறாது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் துணிவு தரும், ஆனால் சுடக்கூடியவர்கள் முன்வரிசைகள் மட்டுமே. வாட்டர்லூவில் பிற்பகல் ஒன்றரை மணியளவில் பிரெஞ்சுத் தளபதி தெர்லோனின் கார்ப்ஸ் ஏறிவந்தபோது அதன் டிவிஷன்களில் சில, விரித்த பட்டாலியன்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய பெருந்திரளாக வந்தன. எட்டுப் பட்டாலியன்கள், பட்டாலியனுக்கு மூன்று நிரை: மொத்தம் 24 நிரை ஆழம். முகப்பு அகலமாக இருந்ததால் வேட்டுக்கு வசதி. ஆனால் பக்கவாட்டிலிருந்து குதிரைப்படை பாய்ந்தால் சதுரமாக மாற நேரமும் இல்லை, இடமும் இல்லை. பாய்ந்தது அப்படித்தான்.

சதுரம்தான் எனக்கு இந்தக் காலத்தின் மிக வியப்பான அமைப்பு. 500 பேர் நான்கு பக்கமும் நான்கு நிரையாக வெளிநோக்கி நின்றால் பக்கத்துக்கு 125 பேர், முகப்பில் 31 பேர். 31 பேருக்கு 56 சென்டிமீட்டர் வீதம் சுமார் 17 மீட்டர். ஓவியங்களில் கோட்டைபோல விரியும் அந்தச் சதுரம் உண்மையில் ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தின் அகலம்தான். குதிரைவீரனுக்கு ஒரு மீட்டர் அகலம் வேண்டும் என்றால் ஒரு பக்கத்தை ஒரே நேரத்தில் எதிர்கொள்ளக் கூடியவர்கள் பதினேழு பேர். அவர்களுக்கு எதிரே 125 துப்பாக்கிகள், முன்நிரையினர் முழந்தாளிட்டு நீட்டிப் பிடித்த பயனெட் முனைகள். குதிரை அந்த முட்புதருக்குள் தானாகப் புகாது. மாலை நான்கு மணி தொடங்கி நேய் ஆயிரக்கணக்கான குதிரைவீரர்களை மீண்டும் மீண்டும் அனுப்பியும் ஆங்கிலேயச் சதுரங்களில் ஒன்றுகூட உடையாமல் நின்றதன் காரணம், வீரத்தோடு இந்தக் கணக்கும்தான். அதே சதுரம் பீரங்கிக்கு எதிரே நின்றால் நிலைமை நேர்மாறானது. குறுகிய இடத்தில் நெருங்கி நிற்பவர்கள்மீது ஒரு குண்டு விழுந்தால் பலர் சாய்வார்கள். குதிரைப்படையோடு பீரங்கிகளையும் காலாட்படையையும் போதிய அளவு ஒருங்கே அனுப்பத் தவறியதுதான் நேயின் பெரும்பிழை என்பது என் கருத்து.

படி 5: நேரத்தை நீட்டி விரியுங்கள்

படவரலாறுகளின் மிகப் பெரிய குறை, அவை போரை அத்தியாயங்களாக வெட்டுவது. ஊகுமோன் ஓர் அத்தியாயம், குதிரைப்படைத் தாக்குதல் ஓர் அத்தியாயம், பிரஷ்யர் வருகை ஓர் அத்தியாயம் என்று படித்து முடிக்கும்போது இவை ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன என்ற எண்ணம் நம்மையறியாமல் படிந்துவிடுகிறது. இதைப் போக்க ஒரு நீளத் தாளை எடுத்து, காலை பதினொரு மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை கோடிட்டு, அதில் நான்கு பட்டைகள் போடுங்கள்: வெலிங்டனின் வலம், நடு, இடம், அதற்குக் கீழே பிரஷ்யர்கள்.

ஊகுமோனை பதினொன்றரையிலிருந்து இருட்டும் வரை ஒரே நீண்ட கோடாக இழுங்கள். ஒன்றரை மணிக்கு நடுவிலும் இடத்திலும் தெர்லோனின் தாக்குதல், அதை முறியடித்த ஆங்கிலேயக் கனரகக் குதிரைப்படையின் பாய்ச்சல். நான்கு மணிக்கு நேயின் குதிரைகள். நான்கரை மணிக்குப் பிரஷ்யப் பட்டையில் பியூலோவின் கார்ப்ஸ் பிளான்சன்வாவை நோக்கிக் காட்டிலிருந்து வெளிப்படுகிறது. ஆறு மணியை ஒட்டி லா ஏ சேந்த் வீழ்கிறது. ஏழரை மணிக்கு நெப்போலியனின் ஏகாதிபத்தியக் காவற்படையின் இறுதித் தாக்குதல். ஏறத்தாழ அதே நேரத்தில் சீட்டனின் பிரஷ்யர்கள் வெலிங்டனின் இடப்புறத்தில் வந்து சேர்கிறார்கள். ஒன்பது மணியளவில் வெலிங்டனும் புளூஹரும் லா பெல் அலையான்ஸ் அருகே சந்திக்கிறார்கள்.

இவற்றை எழுதி முடித்ததும் தாளை மேலிருந்து கீழாகப் பாருங்கள். நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் நேய் மேட்டில் குதிரைகளை இழந்துகொண்டிருந்த அதே நேரத்தில், நெப்போலியன் தம் சேமப்படையைப் பிளான்சன்வாவுக்கு அனுப்ப வேண்டிய கட்டாயத்தில் இருந்தார் என்பது பளிச்சென்று தெரியும். லா ஏ சேந்த் விழுந்து வெலிங்டனின் நடு அணி மெலிந்திருந்த வேளையில் நேய் கூடுதல் காலாட்படை கேட்டும் அது ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு விடை, வேறோர் அத்தியாயத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. நான் இந்தத் தாளை முதன்முதலாக எழுதிய மாலையில்தான் பல ஆண்டுகளாகப் படித்த போர் என் கண்முன் ஒரே நிகழ்வாக இணைந்தது.

நேரங்களை நிமிடக் கணக்கில் நம்ப வேண்டாம். அன்று கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்திருக்கவில்லை. ஊகுமோன் தாக்குதல் சுமார் பத்து மணிக்குத் தொடங்கியது என்று வெலிங்டனின் அறிக்கையே சொல்கிறது. பின்வந்த வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் பதினொன்றரையை ஏற்கிறார்கள். உங்கள் தாளில் அரைமணிக்குக் குறைவான இடைவெளி தேவையில்லை.

படி 6: இப்போது ஓவியங்களைப் பாருங்கள்

ஒவ்வோர் ஓவியத்தையும் மூன்று கேள்விகளோடு அணுகுங்கள். எந்த ஆண்டில் வரைந்தது? யாருக்காக வரைந்தது? வரைந்தவர் களத்தில் எந்த இடத்தில் நின்று பார்ப்பதாக வைத்துக்கொண்டார்?

வாட்டர்லூ என்றதும் பல நூல்களின் அட்டையை நிறைப்பது, சாம்பல்நிறக் குதிரைகள் பார்ப்பவரை நோக்கி நேராகப் பாய்ந்துவரும் ‘ஸ்காட்லாந்து ஃபாரெவர்’ ஓவியம். எலிசபெத் தாம்ப்சன் என்ற இயற்பெயர் கொண்ட லேடி பட்லர் அதை 1881இல் வரைந்தார். போர் முடிந்து 66 ஆண்டுகளுக்குப் பிறகு. குதிரைப்படைப் பயிற்சிகளை நேரில் பார்த்து வரைந்தவர் என்பதால் குதிரைகளின் உயிர்ப்பில் குறையில்லை. ஆனால் நீங்கள் ஏற்கெனவே படித்த நிலப்படத்தை அருகில் வையுங்கள். ஓவியத்தில் வரும் ஆங்கிலேயக் குதிரைப்படை ரெஜிமென்ட் மேட்டின் பின்புறத்திலிருந்து கிளம்பி, தன் பக்கத்துக் காலாட்படை அணிகளின் இடைவெளிகளில் நுழைந்து, வேலிப்புதரைத் தாண்டி, சேறான சரிவில் இறங்கி எதிரியை முட்டியது. தூரம் குறைவு; இப்படி அணிபிசகாமல் முழுவேகம் எடுக்க அங்கே வெளி இல்லை. நாம் நின்று பார்க்கும் இடமோ பிரெஞ்சு வீரன் நின்ற இடம். ஓவியர் நம்மை அங்கே நிறுத்தியிருக்கிறார் என்று தெரிந்த பிறகு அந்த ஓவியத்தின் ஆற்றல் எனக்குக் கூடியதே தவிரக் குறையவில்லை.

அவரே 1875இல் வரைந்து காட்டிய காத்ர் பிரா ஓவியம் வேறு வகை. 28ஆம் ரெஜிமென்டின் சதுரத்தை வரைவதற்காக அவர் உண்மையான படைவீரர்களை முழந்தாளிட்டு நிற்கச் செய்து பார்த்தார். மிதிபட்ட ரை பயிரின் தோற்றத்துக்காக ஒரு வயலின் பகுதியை விலைக்கு வாங்கி மிதிக்கவும் செய்தார். முகங்களில் களைப்பும் அச்சமும் சிரிப்பும் கலந்திருக்கும். சதுரத்தின் ஒரு மூலை எப்படி இருந்திருக்கும் என்பதை அறிய இதைவிடப் பயனுள்ள ஓவியம் நான் கண்டதில்லை. இதுவும் நேரில் கண்ட சாட்சி அல்ல என்றாலும், உழைத்துச் செய்த மீட்டுருவாக்கம்.

சீருடைப் படங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். நூலில் பளபளக்கும் பித்தளைப் பொத்தான்களும் வெள்ளைக் கால்சட்டைகளும் இருக்கும். ஜூன் 18 காலையில் அந்த வீரர்கள் இரவெல்லாம் மழையில் நனைந்து சேற்றில் கிடந்து எழுந்தவர்கள்; பலர் மேலங்கியோடும் தொப்பிக்கு எண்ணெய்த்துணி உறையோடும் போரிட்டார்கள். சீருடைப் படம் ஒழுங்குவிதி என்ன சொன்னது என்பதைக் காட்டும். அன்று என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதை அதிலிருந்து அறிய முடியாது.

ஓவியம் யாருக்காக வரையப்பட்டது என்ற கேள்வியின் ஆற்றலைக் காட்ட, நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில், அதாவது புள்ளலூரில், கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படையை ஹைதர் அலியும் திப்புவும் வளைத்து அழித்தார்கள். அந்த வெற்றியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டச் செய்தார். நடுவே ஆங்கிலேயச் சதுரம். அதற்குள் பல்லக்கில் காயத்தோடு அமர்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கும் பெய்லி. வெடித்துச் சிதறும் மருந்துவண்டி. ஐரோப்பிய ஓவியங்களில் வெல்பவனாகவே வரும் சதுரம் இங்கே சிறையாகத் தெரிகிறது. சதுரத்தைப் பீரங்கியும் வாணமும் என்ன செய்யும் என்று படி 4இல் கண்ட கணக்கு, இந்தச் சுவரில் வண்ணமாக இருக்கிறது. 1799இல் திப்பு வீழ்ந்த பின் அதே மாளிகையில் குடியிருந்து, மங்கியிருந்த இந்த ஓவியத்தைப் புதுப்பிக்கச் செய்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நின்ற அதே வெலிங்டன். பலமுறை மேல்பூச்சுக் கண்ட ஓவியம் என்பதால், அதன் நுணுக்கங்களில் எது திப்பு காலத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல இயலாது. அதையும் நல்ல படவரலாறு படக்குறிப்பில் சொல்லிவிடும்.

படி 7: சாட்சிகளை எதிரெதிரே நிறுத்துங்கள்

ஒரு போரின் வரலாறு ஒரு நடனவிருந்தின் வரலாற்றைப் போன்றது, சிறு நிகழ்வுகள் பலவற்றை ஒருவர் நினைவுகூரலாம், ஆனால் அவை எந்த வரிசையில், எந்தத் தருணத்தில் நடந்தன என்று யாராலும் சொல்ல முடியாது என்ற பொருளில் வெலிங்டன் போர் நடந்த ஆண்டிலேயே ஒரு கடிதத்தில் எழுதினார். அதைச் செய்துபார்க்க முனைந்தவர் வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. 1830இல் களத்தின் மாதிரி ஒன்றைச் செய்யும் பணி அவருக்குத் தரப்பட்டது. அவர் லா ஏ சேந்த் பண்ணையில் பல மாதங்கள் தங்கித் தரையை அளந்தார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்குச் சுற்றுக்கடிதம் அனுப்பி, மாலை ஏழு மணியளவில் நீங்கள் எங்கே நின்றீர்கள், எதிரி எந்த அணிவகுப்பில் இருந்தான் என்று கேட்டார். நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்தன. அரசின் பண உதவி நின்றுபோன பிறகும் சொந்தக் கடனில் தொடர்ந்து, 70,000க்கும் மேற்பட்ட சிற்றுருக்கள் கொண்ட மாதிரியை 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். அது இன்று அங்குள்ள தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த மாதிரியின் புகைப்படம் உங்கள் நூலில் இருந்தால் வலது விளிம்பைப் பாருங்கள். ஏழு மணிக்குப் பிளான்சன்வா பக்கம் பிரஷ்யர்கள் பெருந்திரளாக நின்றார்கள் என்று முதலில் சைபோர்ன் அமைத்திருந்தார். வெற்றியில் அவர்களுக்கு அத்தனை பங்கு தரப்படுவதை வெலிங்டனும் அவரைச் சார்ந்தவர்களும் விரும்பவில்லை. பின்னர் சைபோர்ன் பல்லாயிரம் பிரஷ்ய உருக்களை அகற்றினார். அளந்து, கேட்டு, எண்ணிச் செய்த ஒரு பொருளிலும் இப்படி நேர்ந்திருக்கிறது. ஏகாதிபத்தியக் காவற்படையைத் துரத்தியது மெய்ட்லண்டின் ஆங்கிலேயக் காவற்படையா, பக்கவாட்டில் திரும்பிச் சுட்ட கோல்போர்னின் 52ஆம் ரெஜிமென்டா என்ற வாதமும் அந்தக் கடிதங்களிலிருந்தே கிளைத்தது. எழுதிய ஒவ்வொருவரும் தம் பட்டாலியனுக்கு முன்னால் புகைக்கிடையில் தெரிந்ததைத்தான் எழுதினார்கள். அதற்காக அவர்கள்மேல் பழி சொல்ல இடமில்லை.

நூலின் இறுதியில் இருக்கும் படைப்பட்டியலை இந்த இடத்தில் திறந்து எண்ணுங்கள். வெலிங்டனிடம் இருந்த சுமார் 68,000 பேரில் பிரிட்டனின் சொந்த ரெஜிமென்டுகளைச் சேர்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். மற்றவர்கள் நெதர்லாந்து, ஹனோவர், பிரன்ஸ்விக், நாசௌ நாட்டவர்களும், பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய ஜெர்மானியர்களும். நெப்போலியனிடம் சுமார் 73,000 பேர். மாலைக்குள் வந்து சேர்ந்த பிரஷ்யர்கள் ஏறத்தாழ 50,000. லா ஏ சேந்தைத் தோட்டா தீரும் வரை காத்த மேஜர் பாரிங்கின் பட்டாலியன் ஜெர்மானியர்களுடையது. அவர்கள் ஏந்தியவை வரிக்குழல் துப்பாக்கிகள் என்பதால் மற்றவர்களின் மஸ்கெட் தோட்டா அவர்களுக்கு உதவாது. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நூலிலுள்ள ஓவியங்களை எண்ணிப் பாருங்கள்: எத்தனை ஓவியங்களில் செஞ்சட்டைக்காரர்கள், எத்தனை ஓவியங்களில் பிரஷ்யர்கள், எத்தனையில் நெதர்லாந்தினர்? அந்த விகிதம் நூலாசிரியரின் சார்பை முன்னுரையைவிடத் தெளிவாகச் சொல்லும்.

படி 8: நீங்களே ஒரு படம் வரையுங்கள்

ஒளி ஊடுருவும் தாளை நிலப்படத்தின்மேல் வைத்து மேடுகள், சாலை, நான்கு கட்டடத் தொகுதிகள் ஆகியவற்றை மட்டும் வரையுங்கள். பிறகு நூலை மூடிவிட்டு, நான்கரை மணிக்கு யார் எங்கே நின்றார்கள் என்பதை நினைவிலிருந்து குறியுங்கள். ஒவ்வொரு பட்டாலியனும் வேண்டாம், கார்ப்ஸ் அளவு போதும். சரிபார்க்கும்போது எங்கே தவறினீர்களோ அந்தப் பகுதியை மட்டும் மறுபடி படியுங்கள். அடுத்து, பிடித்த ஓவியம் ஒன்றை எடுத்து, ஓவியர் நின்ற இடத்தில் ஒரு புள்ளியும் அவர் பார்த்த திசையில் ஓர் அம்பும் அந்தத் தாளில் இடுங்கள். சில ஓவியங்களுக்குப் புள்ளி வைக்க இடமே கிடைக்காது. அப்படி ஒரு காட்சி களத்தின் எந்த மூலையிலிருந்தும் தெரிந்திருக்க முடியாது.

இறந்தவர்களையும் காயம்பட்டவர்களையும் அதே தாளில் எழுதுங்கள். மூன்று படைகளிலும் சேர்த்து அன்று வீழ்ந்தவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். அகலவாட்டில் நான்கு ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்கிய வயல்வெளியில், ஒரே பகற்பொழுதில் அத்தனை பேர். பெரும்பாலான படவரலாறுகளில் இதற்கு ஒரு பக்கம்கூடக் கிடைப்பதில்லை. உங்கள் தாளிலாவது அந்த எண் இருக்கட்டும்.

வாட்டர்லூவுக்குப் பின் இதே முறையில் படிக்க, தரையே கதையைச் சொல்லும் போர்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 1757இல் லாய்தனில் பிரஷ்ய மன்னர் பிரெடெரிக் சிறு குன்றுகளின் மறைவில் தம் படையை நகர்த்தி ஆஸ்திரியர்களின் இடப்புறத்தில் திடீரென வெளிப்பட்டார். 1805இல் ஆஸ்டர்லிட்ஸில் பிராட்சன் மேட்டை விட்டு இறங்கியவர்கள் தோற்றார்கள், அதில் ஏறியவர்கள் வென்றார்கள். முதல் வாரம் நிலப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.